மண்டையோட்டுக்கு ஒரு துடுப்பு

பூரணை நிலவு ஏறி ஒரு மணித்தியாலம் இருக்கும். கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் தோணியை நிறுத்திவிட்டுச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம். துடுப்பின் அகன்ற பக்கம் வாவிக்குள் இருந்தது, பிடிக்கிற நுனி அக்காவின் மகனின் காதோடு. அவனுக்குப் பதினாலு வயது. "காதுத் துவாரத்தில இல்ல மனே, பின்னால எலும்பு இருக்கில்ல, அதுல வை. மூச்ச அடக்கிக் கேள்" என்றார் தோணிக்காரர். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அவன் முகம் மாறியது. துடுப்பை எடுத்தான், மறுபடி வைத்தான், மறுபடி எடுத்தான். "வெச்சாக் கேக்குது மாமா, எடுத்தா ஒண்டுமில்ல!"

நிலவு இரவுகளில் வாவிக்கு அடியிலிருந்து இசைபோல ஓர் ஒலி கேட்கும், அதைத்தான் பாடும் மீன் என்போம். மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்ற வாதம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பல தடவை நடந்திருக்கிறது. 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனண்ட் என்ற ஆங்கில அதிகாரியும் இரவில் படகில் போய் இதைக் கேட்டிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்க்கும்போது வரும் ஒலிக்கு அதை ஒப்பிட்டார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெரிதானது என்பதையும் கவனித்து எழுதி வைத்தார். அந்த இரண்டாவது குறிப்புத்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

மருமகன் இப்போது ஒரு தொடரில் மூழ்கிக் கிடக்கிறான். அவனுடைய வயதுப் பிள்ளைகளுக்குத் திடீரென்று அபூர்வ சக்திகள் வருகின்றன. ஒருத்தி நினைத்த இடத்தில் போய் நிற்கிறாள், ஒருவன் தொடாமலே பொருளை நகர்த்துகிறான், இன்னொருவனுக்கு மற்றவர்களின் எண்ணம் கேட்கிறது. தோணி கரைக்குத் திரும்பும்போது அவன் கேட்டான்: "தண்ணிக்கடியில இருக்கிற சத்தம் துடுப்பு வெச்சாக் கேக்குது. ஆக்கள்ட மனசுக்குள்ள இருக்கிறது மட்டும் ஏன் கேக்காது?"

சின்னப் பிள்ளையின் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. நூறு வருசமாக மூளை விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருப்பதே இப்படி ஒரு துடுப்பைத்தான்.

முதலில் துடுப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒலி காற்றில் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும், தண்ணீரில் ஏறக்குறைய 1500 மீற்றர். தண்ணீர் காற்றைவிட அடர்த்தியும் கூடியது, அழுத்தினால் இலேசில் சுருங்கவும் மாட்டாது. இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் இடத்தில் ஒலி திரும்பி அடிக்கும். வாவிக்குள் எழும் ஒலி மேற்பரப்புக்கு வந்ததும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் காற்றுக்குத் தாண்டுகிறது, மிச்சமெல்லாம் உள்ளே திரும்பிவிடுகிறது. தோணியில் இருப்பவருக்கு வாவி அமைதியாகத் தெரிவது இதனால்தான்.

மரம் அப்படி இல்லை. ஒலியின் கண்ணுக்கு மரமும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே சாதி. தண்ணீரிலிருந்து துடுப்புக்கு ஒலி இலகுவாக ஏறும், துடுப்பிலிருந்து காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்கும், எலும்பிலிருந்து உட்காதுக்கும் அப்படியே போகும். காற்று என்ற சுவரை அது வழியில் சந்திக்கவே இல்லை. துடுப்பு ஒலியைப் பெருப்பிப்பதில்லை. சுவரைச் சுற்றிப் போக ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது தலைக்குள் போவோம்.

மனித மூளையில் ஏறக்குறைய 8600 கோடி நரம்புக்கலங்கள் உண்டு. ஒரு கலம் செய்தி அனுப்பும்போது அதன் சுவரின் இரு பக்கத்துக்கும் இடையிலான மின்னழுத்தம் சுமார் 100 மில்லிவோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும். எல்லாம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். எண்ணம், பயம், பக்கத்து வீட்டு மாங்காயின் ஞாபகம் எல்லாமே இந்தத் துடிப்புகளின் கோலம். ஆகவே உள்ளே சத்தம் இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கிறது. வெளியே வர வழிதான் இல்லை. மூளையைச் சுற்றியுள்ள திரவம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வரும் சைகைகள் ஒன்றோடொன்று கலந்து பரவிவிடுகின்றன. அதற்கு மேலே மண்டையோடு. எலும்பு மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும். துடுப்பின் ஒலியை உள்ளே விட்ட அதே எலும்பு, எண்ணத்தின் மின்சாரத்தை வெளியே விடாது. இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு ஆச்சரியப்பட்டேன்.

தலைக்கு வெளியே வந்து சேர்வது 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை. ரோச் லைட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் பற்றரியின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் தனிக் கலத்தின் குரல் இல்லை, ஆயிரமாயிரம் கலங்கள் ஒன்றாகச் சேர்ந்து குரல் கொடுத்தால் மட்டும் வெளியே கேட்கும். ஆடி அமாவாசை அன்று மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் கரையில் நிற்கும் சனத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு தெரு தள்ளி நின்றாலும் எல்லோரும் ஒன்றாகச் சொல்லும் "அரோகரா" கேட்கும். ஒரு பெண் வளையல்காரரிடம் விலை பேசுவது கேட்காது.

அந்த அரோகராவை முதலில் கேட்டவர் ஹான்ஸ் பேர்கர் என்ற ஜேர்மன் மருத்துவர். அவர் தேடிப் போனது உண்மையிலேயே டெலிபதியைத்தான், அதாவது ஒருவரின் எண்ணம் பேசாமலே இன்னொருவருக்குப் போய்ச் சேர்வதை. 1890களின் தொடக்கத்தில் இராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து தவறி, பீரங்கி வண்டியின் பாதையில் விழுந்தார். மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே தகப்பனிடமிருந்து தந்தி வந்தது, மகன் சுகமா என்று கேட்டு. தொலைவில் வீட்டில் இருந்த சகோதரி, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அடம்பிடித்து அனுப்பவைத்த தந்தி அது. தன் பயம் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பேர்கர் நம்பினார். கணிதமும் வானியலும் படிக்க இருந்தவர் அதை விட்டுவிட்டு மருத்துவத்துக்கு மாறி, மனதின் சக்தி எந்த வடிவில் வெளியே வருகிறது என்று தேடத் தொடங்கினார். மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தார், வெப்பத்தை அளந்தார். 1924இல் யேனா நகரில் மனித மூளையின் மின் அலையை முதன்முதலில் பதிவு செய்தார். பின்னர் தன் மகன் கிளவுஸின் தலையிலும் பதிவெடுத்தார். ஐந்து வருசம் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகு 1929இல்தான் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் அதே அலையைத் தானும் கண்டு உறுதி செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டெலிபதியைப் பேர்கர் கண்டுபிடிக்கவில்லை. அவரிடமிருந்து கிடைத்த இ.இ.ஜி., அதாவது தலையின் மேலிருந்து மூளையின் மின் அலையைப் பதிவெடுக்கும் பரிசோதனை, இன்று வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு உயிர்க்காவல்.

அதை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சொந்தத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பரிசோதனை. தாதி தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து, பசை போன்ற ஒன்றைத் தடவி, சிறு உலோகத் தட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். அந்தப் பசையும் ஒரு துடுப்புத்தான். வறண்ட தோலுக்கும் உலோகத்துக்கும் இடையில் மின்சாரம் போகப் பாதை போடுகிறது. திரையில் கோடுகள் மயிர்போல நடுங்கிக்கொண்டிருந்தன. "கண்ண மூடுங்க மகள்" என்றார். உடனே தலையின் பின்பக்கத்துக் கோடுகளில் அழகான அலை எழும்பியது, செக்கனுக்குப் பத்துத் தடவை போல. "திறங்க." அலை அடங்கியது. பேர்கர் கண்டதும் இதே அலைதான். கண்ணை மூடியதும் பார்வைக்கான பகுதியின் கலங்கள் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன, அதாவது அரோகரா. திறந்ததும் ஒவ்வொரு கலமும் தன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும், கூட்டுக் குரல் கலையும். மூளை மும்முரமாக வேலை செய்யும்போது வெளியே கேட்பது குறைந்துபோகிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியென்றால் எதிரே இருப்பவருக்கு இந்த அலை காற்றில் போய்ச் சேராதா? சேராது. செக்கனுக்குப் பத்துத் தடவை அசையும் ஒரு மின்காந்த அலையின் நீளம் 30,000 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய நூறு தடவை போகிற தூரம். அப்படிப்பட்ட அலையை ஒழுங்காக வீசி அனுப்ப ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீள அன்ரனா வேண்டும், எங்கள் தலையோ ஒரு சாண். மூளையின் காந்தப்புலம் எலும்பைத் தடையில்லாமல் தாண்டும்தான், ஆனால் அது புவியின் காந்தப்புலத்தில் பல கோடியில் ஒரு பங்கு. அதைப் பிடிக்க விசேடமாக மறைப்புச் செய்த அறையும் தலையை ஒட்டி வைக்கும் உணரிகளும் வேண்டும். தொடரில் வரும் பொடியன் தெருவில் நடந்துகொண்டே மற்றவர்களின் மனதைக் கேட்பது இந்த இடத்தில்தான் இடறுகிறது.

வெளியே வராவிட்டால் உள்ளே போகலாம். நான்கு மில்லிமீற்றருக்கு நான்கு மில்லிமீற்றர் அளவான ஒரு சிறு சில்லு, அதில் சீப்புப் பல் மாதிரி நூறளவு ஊசி மின்வாய்கள். மண்டையோட்டைத் திறந்து, கையை அசைக்கும் மூளைப் பகுதியில் அதைப் பதிக்கிறார்கள். ஊசி நுனி கலத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இப்போது அரோகரா அல்ல, தனித்தனி ஆட்களின் குரலே கேட்கும்.

குரல் கேட்டால் போதாது, விளங்க வேண்டும். அதற்கு வழி இதுதான்: கையை வலது பக்கம் நகர்த்துவதாக நினையுங்கள் என்பார்கள், பிறகு இடது, மேலே, கீழே. ஒவ்வொரு கலமும் தனக்குப் பிடித்த ஒரு திசைக்குக் கூடுதலாகத் துடிக்கும். ஒரு கலம் வலதுக்கு 30 தடவை, இடதுக்கு 5 தடவை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கலத்துக்கு வேறு திசை பிடிக்கும். கணினி எல்லாக் கலங்களின் வாக்கையும் எண்ணி, இவர் இப்போது கையைச் சரிவாக மேலே கொண்டுபோக நினைக்கிறார் என்று முடிவு கட்டுகிறது. கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாத ஒரு அமெரிக்க இளைஞர் இப்படித் திரையின் அம்புக்குறியை நகர்த்தி மின்னஞ்சல் திறந்தது 2006இல் வெளியானது. 2012இல் வெளியான இன்னொன்றில், பாரிசவாதத்தால் ஏறக்குறைய 15 வருசம் கைகால் அசையாமல் இருந்த ஒரு பெண், இயந்திரக் கையை நினைப்பால் நகர்த்தி, போத்தலை வாய்க்குக் கொண்டுவந்து கோப்பி குடித்தார். அந்த வீடியோவை மருமகனுக்குக் காட்டினேன். தொடாமல் பொருளை நகர்த்துவது என்றால் எனக்கு இதுதான். குடித்து முடித்ததும் அந்தப் பெண் சிரித்த சிரிப்பைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

2023இல் பேச்சும் வந்தது. இயக்க நரம்பு நோயால் பேச்சை இழந்த ஒருவர், பேச முயன்றபோது நாக்கையும் உதட்டையும் அசைக்கும் பகுதியில் எழுந்த துடிப்புகளை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எழுத்தாக்கினார்கள், நிமிடத்துக்கு 62 சொல். நாங்கள் சாதாரணமாகக் கதைப்பது 160 அளவில் என்பார்கள். ஒரு இலட்சத்து 25 ஆயிரம் சொற்களிலிருந்து தேர்ந்தபோது நான்கில் ஒன்று போலப் பிழைத்தது. இயந்திரம் இங்கே வாசிப்பது எண்ணத்தை அல்ல, நாக்கின் முயற்சியை. ஆங்கில ஒலிகளுக்குப் பழக்கிய அந்த இயந்திரத்துக்கு எங்கள் ழகரம் தெரியாது. ல, ள, ழ மூன்றுக்கும் நாக்கு போகும் இடத்தை ஒரு தமிழரின் மூளையில் இருந்துதான் அது படிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் யாராவது இந்த வேலையில் இறங்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஊசிகளுக்குக் குறையும் உண்டு. மூளை அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு சுற்றிலும் தழும்பு கட்டும், காலப்போக்கில் குரல் மங்கும். தொற்று ஆபத்தும் இருக்கிறது. சுகதேகிகளுக்கு யாரும் இதைப் பதிக்கச் சொல்லமாட்டார்கள்.

ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கும் செய்தி போயிருக்கிறது. 2013இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜேஷ் ராவ் இ.இ.ஜி. தொப்பி போட்டுக்கொண்டு, வலது கையை அசைப்பதாக நினைத்தார். வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில் அந்திரேயா ஸ்டொக்கோவின் தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருள். இணையம் வழியாகச் சைகை வந்ததும் சுருள் ஒரு காந்தத் துடிப்பைக் கொடுக்க, அது எலும்பைத் தாண்டி அவர் மூளையைத் தூண்டியது, அவருடைய விரல் தானாக விசையைத் தட்டியது. போனது ஒரே ஒரு 'சரி' மட்டும்.

இவ்வளவும் எழுதி முடித்து மருமகனிடம் வாசிக்கக் கொடுத்தேன். "ஊசி இல்லாம வசனமே வாசிக்கிற ஒண்டு இல்லையா?" என்றான். இருக்கிறது. 2023இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்துக் கதை கேட்பவர்களின் மூளை இரத்த ஓட்டத்தை வைத்து, அவர்கள் கேட்ட கதையின் சாரத்தை வசனமாக்கினார்கள். சொல்லுக்குச் சொல் வராது, கருத்துக் கிட்டத்தட்ட வரும். ஆனால் அதற்கு முன் ஒவ்வொருவரும் 16 மணித்தியாலம் உள்ளே படுத்துக் கதை கேட்டு, இயந்திரத்துக்குத் தங்கள் மூளையைப் பழக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழகிய இயந்திரத்தை இன்னொருவரிடம் வைத்தால் உளறல்தான் வந்தது, ஏனென்றால் ஒரே கருத்துக்கு ஒவ்வொரு மூளையும் தன் சொந்தக் கோலம் போடுகிறது. பழகிய ஆளே மனதுக்குள் மிருகங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டோ, ஏழேழாக எண்ணிக்கொண்டோ இருந்தாலும் இயந்திரம் தோற்றுப்போனது.

"அப்ப விருப்பமில்லாட்டி வாசிக்க ஏலாதா?"

"அந்த இயந்திரத்தால ஏலாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரி, இப்ப நான் யானை, புலி எண்டு சொல்லிக்கொண்டிருக்கன்" என்றான். மறுகா அடுத்த பூரணை எப்போது என்று கலண்டரைப் புரட்டத் தொடங்கினான்.