வாட்ச் காட்டிய 121

போன ஐப்பசியில், மழை விட்டு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மாலை. மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். 12 வருடமாக என்னிடம் சுகருக்கு வைத்தியம் பார்ப்பவர். நாலு மாதமாக ஆளைக் காணவில்லை.

"சுகரெல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு டாக்டரம்மா. கால்ல மட்டும் சின்னதா ஒரு புண்ணு" என்று செருப்பைக் கழற்றினார். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். ஓரமெல்லாம் வெளுத்துத் தடித்திருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை என்றார். உணர்ச்சியில்லாமல் கால் மரத்துப்போயிருந்தது. எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

விரலில் குத்திப் பார்த்ததில் 386. அண்ணாச்சி நம்பவில்லை. முழுக்கைச் சட்டையை ஏற்றி மணிக்கட்டைக் காட்டினார். கறுப்பு ஸ்மார்ட்வாட்ச், அதில் 124. சென்னையில் இருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது. விரலில் குத்தாமலே சுகர் காட்டும் என்று விளம்பரம். நாலு மாதமும் 115-க்கும் 130-க்கும் நடுவிலேயே காட்டியிருக்கிறது. அவரும் விரலில் குத்திச் சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டரைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, காலையில் 24 யூனிட் போட வேண்டிய இன்சுலினை 14 ஆக்கிவிட்டார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனை பார்த்தோம்: 11.2 சதவீதம், ரொம்பவே அதிகம்.

வாட்ச்சைக் கழற்றச் சொல்லி, கட்டுப் போட வைத்திருந்த பஞ்சுச் சுருள் ஒன்றில் மாட்டினேன். அடியில் பச்சை விளக்கு மின்னியது. அரை நிமிடத்தில் திரையில் எண் வந்தது: 121. பஞ்சுக்குச் சுகர் 121! அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இன்னும் அஞ்சு வருஷத்துல விரல்ல குத்துற வேலையே இருக்காது" என்று நோயாளிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். 2014 ஜனவரியில் கூகுள் ஒரு கான்டாக்ட் லென்ஸை அறிவித்தது. கண்ணீரில் இருக்கும் சர்க்கரையை அளந்து செய்தி அனுப்பும் என்றார்கள். நானும் நம்பினேன். 2018-இல் அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். கண்ணீரில் கிடைக்கும் அளவும் இரத்தத்தில் இருக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை. அதற்கும் முன்னால், 2001-இலேயே, அமெரிக்காவில் குளுக்கோவாட்ச் என்று ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. மெல்லிய மின்சாரத்தால் தோல் வழியாகத் திரவத்தை இழுத்து அளக்கும் கருவி. தோல் சிவந்து அரித்தது. அதைச் சரிபார்க்கவே விரலில் குத்த வேண்டியிருந்தது. அதுவும் சந்தையில் நிற்கவில்லை.

ஆக்சிஜன் அளவை மட்டும் விரலில் மாட்டும் கருவி குத்தாமலே சொல்கிறதே என்று பலரும் கேட்கிறார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோம். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970-களில் கண்டுபிடித்த வழி அது. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும், இறங்கினால் கருஞ்சிவப்பாகும். இந்த நிற மாற்றத்தை வெளிச்சம் பாய்ச்சிக் கண்டுபிடித்துவிடலாம். சர்க்கரைக்கு நிறமே இல்லை.

அளவையும் யோசித்துப் பாருங்கள். சுகர் 100 என்றால் ஒரு லிட்டர் இரத்தத்தில் 1 கிராம் குளுக்கோஸ். பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம். ஆக மொத்தம் 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. 200 என்றால் இரண்டு டீஸ்பூன். ஐந்து லிட்டர் கேனுக்கு வெளியே நின்று டார்ச் அடித்து, உள்ளே கரைந்திருப்பது ஒரு ஸ்பூனா இரண்டு ஸ்பூனா என்று சொல்ல வேண்டும். அதுவும் அந்தக் கேன் நடக்கிறது, வியர்க்கிறது, தோலும் கொழுப்பும் குறுக்கே நிற்கின்றன. பெரிய பெரிய ஆய்வகங்களே பல வருடமாக இதோடு மல்லாடுகின்றன. ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வரும் வாட்ச்சுக்கு இது எப்படிச் சாத்தியம்?

2024 பிப்ரவரியில், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானாகச் சுகர் அளக்கும் எந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்கும், மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்றது. அண்ணாச்சி கொண்டுவந்த அட்டைப் பெட்டியின் பின்பக்கத்திலும் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருந்தது. முன்பக்கத்தில் பெரிதாக ஒரு சொட்டு இரத்தப் படம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காக எதுவுமே மாறவில்லை என்று சொல்லமாட்டேன். புஜத்தில் ஒட்டும் சென்சார் வந்திருக்கிறது. முடி போல ஒரு மெல்லிய இழை தோலுக்கு அடியில் இருந்து, இரண்டு வாரம் வரை இரவும் பகலும் அளக்கும். அதுவும் இரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு இடையில் இருக்கும் நீரைத்தான் அளக்கிறது. அதனால் சுகர் வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோ சில நிமிடம் பின்தங்கியே காட்டும். சென்சார் சொல்வதைக் கேட்டு இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்புக்கு அமெரிக்காவில் 2016-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சுகர் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இரவில் கொஞ்சம் தூங்க முடிகிறது என்றால் இவற்றால்தான். விலைதான் இன்னும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

சரி, அப்படி ஒரு வாட்ச் வீட்டில் இருந்தால் என்ன செய்வது? நடை எண்ண வைத்துக்கொள்ளலாம். அது காட்டும் சுகரைப் பார்த்து ஊசியையோ மாத்திரையையோ தொடாதீர்கள். புதுக் கருவி எதுவானாலும் முதலில், இது எதை அளக்கிறது, இரத்தத்தையா, தோலடி நீரையா, வெறும் வெளிச்சத்தையா என்று கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குளுக்கோமீட்டர் பக்கத்தில் இல்லையா, சர்க்கரைத் தண்ணீரை முதலில் குடித்துவிடுங்கள். வாட்ச் 118 காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா அம்மாவுக்கு ஏதாவது வாங்கி அனுப்பத் தோன்றினால் குளுக்கோமீட்டரில் செருகிச் சொட்டு இரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப், ஒரு வருடத்துக்கு வேண்டியதை வாங்கிக் கொடுங்கள்.

அண்ணாச்சிக்குப் புண் ஆற 11 வாரம் பிடித்தது. விரலை எடுக்காமல் தப்பித்தோம். இப்போது கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சுகர் எழுதி வருகிறார். போன முறை எழுதியிருந்தது 138, 151, 129.

கிளம்பும்போது கேட்டார், "இனிமே வர்ற வாட்ச்சாவது உண்மையைக் காட்டுமா டாக்டரம்மா?"

"வந்ததும் உங்களுக்குச் சொல்றேன் அண்ணாச்சி. அது வரைக்கும் ஸ்ட்ரிப் டப்பாவை இறுக்கி மூடி வைங்க, ஈரக்காத்து பட்டா அதுவும் தப்பாக் காட்டும்" என்றேன். சட்டைப் பையிலிருந்த டப்பாவை எடுத்து மூடியை ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.