தட்டணுவா, சிறுதட்டா?

உறவினர் ஒருவருக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்துப் படுக்கை நோயாளியின் தம்பி இரத்த வங்கியிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். செவிலியர் மூடியைத் திறந்தார். உடைத்த பனிக்கட்டிகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் நீர்மம் நிறைந்த நான்கு பைகள் புதைந்து கிடந்தன. “இதுக்கு யாருங்க ஐஸ் வைக்கச் சொன்னது?” என்றார் செவிலியர். தம்பி இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்றில், “இரத்த அணுக்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் மட்டுமே எடுத்து வரவும்” என்று அச்சிட்டிருந்தது. மற்றதில், “தட்டணு, 4 பை” என்று எழுதியிருந்தது. தட்டணு என்று எழுதியிருந்தது பிளேட்லெட்டை, இரத்தம் உறைய உதவுவது, பனிக்கட்டியில் வைத்தால் கெட்டுவிடும். சிவப்பணுவும் அணு, தட்டணுவும் அணு. அந்த இளைஞர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். நான்கு கொடையாளர்களின் கொடை வீணானதற்கு அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘பிளேட்லெட்’ என்பதில் ‘பிளேட்’ தட்டு. ‘லெட்’ சிறுமை காட்டும் ஈறு. இத்தாலியின் தூரின் நகரத்தில் ஜூலியோ பிட்சோசெரோ 1882இல் இதை இரத்தத்தின் தனி உறுப்பாக விளக்கியபோது, தம் மொழியில் சிறு தகடுகள் என்ற பொருளிலேயே பெயரிட்டார். ஜெர்மன் சொல்லுக்கும் இரத்தச் சிறுதட்டு என்பதே பொருள். கிரேக்க வழியில் வந்த ‘திராம்போசைட்’ என்ற இன்னொரு பெயரும் உண்டு. அதற்கு உறைகட்டி உயிரணு என்று பொருள். நம் ‘தட்டணு’வைப் பார்த்தால், முதற்பாதியை முன்னதிலிருந்தும் பிற்பாதியைப் பின்னதிலிருந்தும் எடுத்து ஒட்டியது போலத் தோன்றுகிறது.

ஒட்டிய அந்தப் பிற்பாதியின் மேல்தான் என் குறை. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற மிகப் பெரிய உயிரணு இருக்கிறது. அதிலிருந்து கழன்று இரத்தத்தில் கலக்கும் துணுக்குகளே இவை என்று ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906இல் காட்டினார். அகலம் இரண்டு மூன்று மைக்ரோமீட்டர், உட்கரு கிடையாது, வாழ்நாள் ஏழிலிருந்து பத்து நாள். ‘சிவப்பணுவுக்கும்தான் உட்கரு இல்லை, அதை மட்டும் அணு என்கிறோமே’ என்று ‘தட்டணு’க் கட்சியார் கேட்பார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் சிவப்பணு முழு உயிரணுவாக வளர்ந்து, முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுவது. இதுவோ ஒருபோதும் தனி உயிரணுவாக இருந்ததே இல்லை. நார் உரித்த தேங்காய் தேங்காய்தான். உதிர்ந்த கீற்றைத் தென்னை என்று யாரும் சொல்வதில்லை.

‘தட்டு’ என்ற முற்பாதியோ மிகப் பொருத்தமானது. இரத்த வங்கியில் நல்ல பை ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல அசைத்தால், பட்டுத்துணியை ஆட்டினாற்போல ஒரு மினுமினுப்பு உள்ளே சுழலும். கோடிக்கணக்கான தட்டுகள் திரும்பித் திரும்பி ஒளியைச் சிதறடிப்பதால் வரும் மினுமினுப்பு அது. பனிக்கட்டியில் புதைத்து வைத்த பையில் அந்தச் சுழல் இருக்காது. குளிர் பட்டதும் தட்டுகள் முள் முளைத்த உருண்டைகளாக மாறிவிடும். அப்படிக் குளிர்ந்தவற்றை ஏற்றினால், உடல் அவற்றை விரைவில் இரத்த ஓட்டத்திலிருந்து அகற்றிவிடுகிறது. சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் ஐந்தாறு வாரம் வைக்கலாம். சிறுதட்டை 20 முதல் 24 டிகிரியில், காற்று ஊடுருவும் பையில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டத்தின் மேல், வழக்கமாக ஐந்து நாளுக்கு மேல் வைப்பதில்லை. நமக்கு இதமான அந்த வெப்பம் பாக்டீரியாவுக்கும் இதம் என்பதால், கொடையாளரின் தோலிலிருந்து ஊசிவழி ஒன்றிரண்டு நுண்ணுயிர் நுழைந்துவிட்டாலும் பைக்குள் பெருகிவிடும். நாள்கணக்கை இவ்வளவு இறுக்கிப் பிடிப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான். (பெரும் குருதிப்போக்கை நிறுத்துவதற்காகக் குளிரில் வைத்த சிறுதட்டைச் சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள், அதற்கு நெறிமுறை வேறு, தெர்மாகோல் பெட்டி அல்ல.) பராமரிப்பில் இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே ஈற்றைக் கொடுத்து ஓரினமாகக் காட்டுவதை மொழிச் சிக்கல் மட்டும் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘இரத்தத் தட்டு’ இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘குருதிச் சிறுதட்டு’ இருக்கிறது. பின்னதே என் தேர்வு. ‘குருதி’ சங்க காலத்துச் சொல் என்பதற்காக அல்ல. ‘இரத்தச் சிறுதட்டு’ என்றாலும் எனக்குச் சம்மதமே, ‘சிறு’ விடுபடக் கூடாது, ‘அணு’ ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். தட்டு என்றால் சோற்றுத்தட்டு நினைவுக்கு வருகிறதாம் சிலருக்கு. ‘தட்டணுத் தட்டுப்பாடு’ என்று தலைப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அந்த நினைவு வராதது வியப்பு.

துண்டறிக்கைகளை மொழிபெயர்க்கிறவர்களிடம் இன்னொரு மனத்தாங்கலும் உண்டு: ‘இரத்த மாற்றம்’. ‘டிரான்ஸ்ஃபியூஷன்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றுதல் என்று பொருள். “ரத்தம் ஏத்துறாங்க” என்று படிக்காத பாட்டியும் பிசகாமல் சொல்கிறார். மஞ்சள்காமாலை முற்றிய பச்சிளங்குழந்தைக்கு இரத்தத்தைச் சிறுகச் சிறுக எடுத்துவிட்டுக் கொடையாளர் இரத்தத்தைச் செலுத்துகிறார்களே, அதற்குத்தான் மாற்றம் என்ற பெயர் தகும். ஒப்புதல் படிவத்தில் ‘இரத்த மாற்றம் செய்யச் சம்மதிக்கிறேன்’ என்று படித்தவர், இருக்கிற இரத்தத்தையெல்லாம் எடுத்துவிடுவார்களோ என்று மிரண்டால் அதில் என்ன தவறு?

அன்றைக்கு அந்தத் துண்டறிக்கையைத் திருத்தித் தரும்படி செவிலியர் என்னிடம் கேட்டார். “சிவப்பணுப் பைக்குப் பனிக்கட்டிப் பெட்டி வேண்டும், சிறுதட்டுப் பைக்குப் பனிக்கட்டி கூடவே கூடாது, வாங்கியதும் நேரே வார்டுக்குக் கொண்டுவரவும்” என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்தார். “நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா பக்கத்துல பிளேட்லெட்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க, அப்பதான் ஜனங்களுக்குப் புரியும்” என்றார். போட்டேன், மற்றத் தாளில் இருந்த ‘தட்டணு’வை மட்டும் அடித்துவிட்டேன்.