கோயில் வாளுக்கு கிரைண்டர் போடாதீங்க சாமி

ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க. போன வாரம் பாபநாசம் பக்கத்துலேந்து ரெண்டு பசங்க குலதெய்வக் கோயில் வாளை பழைய வேட்டில சுத்திக்கிட்டு பட்டறைக்கு வந்தானுங்க, "அண்ணே, நுனி மட்டும் மழுங்கிப் போச்சு, மீதியை நாங்களே பாலிஷ் போட்டுட்டோம்"னு. பிரிச்சுப் பாத்தா வாய்ப்பக்கம், அதான் வெட்டுற ஓரம், ஒரு முழத்துக்கு நீலம் பாஞ்சு கெடக்கு, கைப்பிடி கடகடன்னு ஆடுது. எல்லாம் டிஸ்க் சுத்துற நாலு இஞ்சு கிரைண்டர் பண்ண வேலை. வருஷா வருஷம் இதையே பாத்துப் பாத்து சலிச்சுப் போய்தான் எழுதுறேன்.

ஏன்டா தம்பி நீலமாச்சுன்னு கேட்டா, "அதான் அண்ணே உடனே வாளித் தண்ணில முக்கிட்டோமே"ங்கறான். இந்த ஒண்ணை மட்டும் நின்னு கேட்டுக்கங்க. இரும்பைத் தண்ணில முக்குனாலே உறுதி வந்துடும்னு ஊர் பூரா ஒரு நம்பிக்கை, நாங்க உலைலேந்து எடுத்து முக்குறதை வாசல்ல நின்னு பாத்ததுதான் காரணம். நாங்க முக்குறப்ப இரும்பு செக்கச்செவேல்னு 800 டிகிரி பக்கம் இருக்கும், காந்தம் வச்சா ஒட்டாது. அந்த சூட்லேந்து சட்டுனு குளுந்தாதான் தோய்ச்சல், அதான் இரும்போட கடினம், ஏறும். ஏறுனதை அப்படியே விட்டா நொறுங்கும், அதனால மறுபடி லேசா காய்ச்சி கொஞ்சம் இறக்குவோம், வைக்கோல் நெறம் வந்தா 220, 230 டிகிரி, நீலம் வந்துட்டா 300 பக்கம் போயிருச்சுன்னு கணக்கு. டிஸ்க் பட்டு உங்க வாள்ல வந்த நீலமும் அதே 300தான். இருந்த தோய்ச்சல் எறங்கிப் போச்சு, அதுமேல தண்ணிய ஊத்துனா இரும்பு ஆறும், அவ்ளோதான். பதம் தப்புன பாகை ஃப்ரிட்ஜ்ல வச்சா பதம் திரும்பி வருமா? நீலத்தை உப்புத்தாள் போட்டு தேச்சுட்டா சரியாயிடும்னு வேற சில பேர், நெறம் போகும்யா, மெத்துனு ஆன இரும்பு மெத்துனுதான் இருக்கும்.

கைப்பிடி ஆடுன கதை வேற. நம்ம ஊர் பழைய வாள்ல பெரும்பாலும் கைப்பிடிக்குள்ள அரக்கு ஊத்திதான் அலகை நிறுத்தியிருப்பாங்க. கொதிக்கிற தண்ணி, கிரைண்டர் சூடு, ஆடி வெயில்ல தகரத்து மேல காய வைக்கறது, எதுவா இருந்தாலும் அரக்கு இளகிடும். அதை அப்படியே அருள் வந்தவர் கைல குடுக்குறீங்க, சுத்தி பொம்பளைங்க குழந்தைங்க நிக்குது. அலகு மட்டும் பறந்து போனா யாரு பொறுப்பு?

விரிசல் இருக்கான்னு பாக்க மண்ணெண்ணெயைத் தடவி பத்து நிமிஷம் விட்டு நல்லா தொடைச்சுட்டு சாக்பீஸ் பூசுங்க, விரிசல் இருந்தா ஈரக்கோடா எழும்பும். கோடு தெரிஞ்சா அந்த வாளை யாரும் வீசக்கூடாது, சாமி பக்கத்துல சாத்தி வைக்கலாம், அவ்ளோதான். உடைஞ்சதை வெல்டிங் வச்சு ஒட்டிக் கேக்குறாங்க, ஒட்டு நிக்கும், ஒட்டுக்கு அடுத்த எடத்துல படக்குனு போகும். வளைஞ்சதை பச்சையா, அதாவது சூடு காட்டாம, சுத்தியால தட்டாதீங்க. பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், புளி தேய்க்கறது பித்தளையோட நிக்கட்டும்.

நாச்சியார்கோவில் விளக்குக்கு பஃப் பிடிக்கிற, அதான் பளபளப்பு ஏத்துற, துணி வீல்ல வாளைக் குடுக்கறவங்களும் இருக்காங்க. வாய்ப்பக்கம் வீல்ல மாட்டுச்சுன்னா வாளைக் கைலேந்து பிடுங்கி எறியும், பட்டறைல நான் ரொம்ப பயப்படுறது அந்த மெஷினுக்குத்தான். சில பழைய உருக்கு வாள்ல அலை அலையா ரேகை இருக்கும், பஃப் போட்டா அதுவும் கண்ணுலேந்து மறைஞ்சுடும். தெரிஞ்ச ஆள்கிட்ட போனா ரேகையைத் திரும்ப எடுக்கலாம், உலைல வச்சு அளவுக்கு மீறி காய்ச்சிட்டீங்கன்னா மொத்தமா போச்சு.

வீட்லயே பண்ணணும்னா இவ்ளோதான். பலகை மேல படுக்க வச்சு கட்டுங்க, கைல பிடிச்சுக்கிட்டு தேய்க்காதீங்க. மெஷின் எண்ணெய் ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க, செவப்புத் துரு பொங்கி வரும், அதை மூங்கில் சிம்புல சொரண்டுங்க. மிச்சத்துக்கு 600, அப்புறம் 800 வாட்டர் பேப்பர், எண்ணெய்ல நனைச்சு நீளவாக்குல மட்டும், வாய் உங்க கைக்கு எதிர்ப்பக்கம் பாத்து இருக்கணும். கறுப்பா படிஞ்சிருக்கறது அழுக்கு இல்ல, விட்டுடுங்க. பல்லு போன எடத்துக்காக மொத்த வாயையும் தேச்சு எறக்காதீங்க.

கூர் போடச் சொல்லி என்கிட்ட வராதீங்க. 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ உள்ள வாள் 1959 ஆயுதச் சட்டத்துக் கணக்குல ஆயுதம், வயல் அருவாளுக்கு இருக்குற விலக்கு இதுக்குக் கெடையாது. நூறு வருஷம் தாண்டுனதுன்னா 1972 சட்டப்படி தொல்பொருள் கணக்கு. வாய்க்கா தூர் வாரும்போது மண்ணுக்குள்ளேந்து எதாவது வந்துச்சுன்னா தேய்க்கவே தேய்க்காதீங்க, நேரா தாசில்தார் ஆபீஸ்ல சொல்லுங்க.

திருவிழா முடிஞ்சதும் குங்குமம், எலுமிச்சம்பழச் சாறு எல்லாத்தையும் அன்னிக்கே தொடைச்சுடுங்க தயவு செஞ்சு. நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக பிசின் கட்டும், தையல் மெஷின் எண்ணெய் போதும். வெல்வெட் உறைக்குள்ள சொருகி பரண்ல போட்டுட்டு அடுத்த ஆடிக்கு எடுக்காதீங்க, ஐப்பசி கார்த்திகை ஈரம் பூரா அந்தத் துணிலதான் நிக்கும், நடுவுல ரெண்டு தடவை எறக்கிப் பாருங்க.