"எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி, டொக்டர்"

மாரி பெய்து ஒரு கிழமை கழிய, வெளிநோயாளர் பிரிவில் வயிற்றோட்டக்காரர் கூடுவார்கள். போன மாரியில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்: அம்மம்மா, மகள், நாலு வயதுப் பேரன். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி, டொக்டர். இனிப்பு" என்றார் அம்மம்மா, கொஞ்சம் கோபத்தோடு.

உவர் இல்லையென்றால் நல்ல தண்ணீர். யாழ்ப்பாணத்தில் தண்ணீரை நாங்கள் நாக்கால்தான் அளக்கிறோம். நாக்குக்கு உப்புத் தெரியும், கிருமி தெரியாது. எங்கள் நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைய. மலக்குழியில் கசிவது மணலில் மெல்ல வடிவதுபோல வடியாது, வெடிப்பு வழியே விறுவிறென்று நிலத்தடி நீருக்குப் போய்விடும். மாரியில் நீர்மட்டம் ஏறிக் குழியைத் தொட்டால் சொல்லவே வேண்டாம். "கிணத்திலயிருந்து 50 அடி தள்ளித்தானே குழி கட்டினம்" என்பார்கள். சரி, பக்கத்து வளவுக்காரரின் குழி எத்தனை அடி? காணி இரண்டு பரப்பாகச் சுருங்கிய பிறகு அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

பேரனின் மலத்தில் இரத்தமும் சளியும். ஷிகெல்லா போன்ற பக்டீரியா குடலின் உட்சுவரைப் புண்ணாக்கினால் இப்படி வரும். அதற்கு அன்டிபயோட்டிக் தேவைப்படும். தண்ணீராகப் போகும் சாதாரண வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை, இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் போதும். இந்த வீட்டிலோ வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைப் பாதி உடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைக்கு அது கூடவே கூடாது. இரத்தம் போகும்போது குடலைக் கட்டிப்போட்டால் கிருமி உள்ளேயே தங்கும். நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சர்க்கரைத் தூளான ஜீவனியையும் பாதிப் பக்கற், ஒரு கோப்பையில், கண்மட்டாக. முழுப் பக்கற்றையும் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும்.

நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) வேறு கதை. அந்தக் கிருமியும் வாய்வழியாகக் குடலுக்குள் நுழைவதுதான், ஆனால் வயிற்றோட்டமே இல்லாமல், மலச்சிக்கலோடுகூட வரும். பெரும்பாலும் 1 முதல் 3 கிழமை கழித்தே காய்ச்சல் தொடங்குவதால், எங்கே எதைச் சாப்பிட்டோம் என்பது மறந்துபோயிருக்கும். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் பனடோலோடு வீட்டில் இருக்காதீர்கள். விட்டுவைத்தால் குடல் துளைபடவும் கூடும்.

பேரனுக்குச் சுகம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போய்க் கிணற்றுக்குக் குளோரின் போட்டார். அடுத்த முறை அம்மம்மா பிறஷர் பார்க்க வந்தபோது விசாரித்தேன்.

"மணக்குது டொக்டர். இப்ப பக்கத்து வீட்டுக் கிணத்திலதான் அள்ளுறம்."