கூர்மூக்குத் தோட்டாவும் சுத்தியல் தெரியாத ரைஃபிளும்

துப்பாக்கியின் விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். இதுதான் லீவர் ரைஃபிள். இவற்றில் பெயர் பெற்றது ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894. தோட்டாவை வெடிக்கவைக்கும் அடியைக் கொடுக்கும் அதன் சுத்தியல் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும். தோட்டாக்கள் துப்பாக்கிக் குழலுக்கு அடியில் உள்ள இன்னொரு குழாயில் ரயில் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும்.

சிக்கலே அந்தக் குழாயில்தான். ஒரு தோட்டாவின் மூக்கு, முன்னால் உள்ள தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டபடி இருக்கிறது. அந்தப் பின்புறத்தின் நடுவில்தான், தட்டினால் பற்றிக்கொள்ளும் பிரைமர் உள்ளது. தோட்டாவின் மூக்காக இருக்கும் குண்டு கூராக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் அது பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். ஆகவே தட்டை மூக்குக் குண்டுகள்தான் போட்டார்கள். தட்டை மூக்கு காற்றைக் கிழித்துப் போகாது, முட்டித் தள்ளிக்கொண்டு போகும். வேகம் சீக்கிரம் செத்து, தொலைவு கூடக் கூடக் குண்டு வெகுவாகத் தாழ்ந்துவிடும்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த ஆர்தர் சாவேஜ் இந்தக் குழாயையே தூக்கி எறிந்தார். நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் உருவான அவருடைய 1899 மாதிரியின் வயிற்றுக்குள் ஒரு பித்தளை உருளை சுழலும். அதைச் சுற்றிலும் பள்ளங்கள். ஒவ்வொரு தோட்டாவும் தன் பள்ளத்தில் தனியாகப் படுத்திருக்கும். எந்த மூக்கும் எந்தப் பிரைமரையும் தொடாது. எடை முழுவதும் நடுவில் இருப்பதால், சுடச் சுடத் துப்பாக்கியின் சமநிலையும் மாறாது. இடப்பக்கம் ஒரு சின்னத் துளை. உருளை திரும்பும்போது அதில் எண் மாறும், எத்தனை தோட்டா மிச்சம் என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்தக் காலத்து இயந்திர வேலைப்பாடுகளில் இதைவிட அழகான ஒன்றை எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சுத்தியலும் போயிற்று. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் எஃகுத் துண்டான போல்ட்டுக்குள்ளேயே வில்சுருளோடு ஒரு அடிமுள் ஒளிந்திருக்கிறது. லீவரை மூடும்போது அது இழுபட்டு நிற்கும். விசையை அழுத்தினால் நேராகப் பாய்ந்து பிரைமரைத் தட்டும். சுற்றி வீசி அடிக்கும் கனமான சுத்தியல் இல்லாததால், விசை அழுத்துவதற்கும் தோட்டா வெடிப்பதற்கும் இடையிலான நேரம் குறைகிறது. புதரில் மாட்டிக்கொள்ள வெளியே எதுவும் இல்லை.

இந்த அமைப்பின் வலிமையைக் காட்டியது 1915-இல் வந்த .250-3000 தோட்டா. வடிவமைத்த சார்ல்ஸ் நியூட்டன் இன்னும் கனமான குண்டையே எண்ணியிருந்தார். சாவேஜ் நிறுவனமோ வினாடிக்கு 3000 அடி, அதாவது ஏறத்தாழ 914 மீட்டர், என்ற எண்ணைப் பிடிக்க 87 கிரெய்ன் (சுமார் 5.6 கிராம்) குண்டைத் தேர்ந்தது. பெயரிலேயே அந்த வேகம் ஏறிக்கொண்டது.

ஒரு குறை உண்டு. சாவேஜில் போல்ட்டின் பின்முனை மேலே எழும்பி, பின்சுவரில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. வெடிப்பின் அழுத்தமோ முன்னால், தோட்டா இருக்கும் இடத்தில். இடையில் உள்ள எஃகு முழுவதும் இம்மியளவு நசுங்கி மீளும். அந்த இடைவெளியில் தோட்டாவின் பித்தளை உறை நீளும். 1955-இல் வந்த வின்செஸ்டர் 88 இதைத் தீர்த்தது: லீவரின் அசைவு போல்ட்டைத் திருகி, அதன் தலையில் உள்ள மூன்று பற்களைத் தோட்டாவுக்கு அருகிலேயே பூட்டும். சுத்தியல் இதிலும் வெளியே தெரியாது, ஆனால் உள்ளே மறைந்திருக்கிறது. லீவரோடு விசையும் சேர்ந்து இறங்குவதால் விரல் நசுங்காது. அதற்கு விலையாக விசையின் மென்மை போயிற்று. பின்லாந்தின் சாக்கோ ஃபின்வுல்ஃப் ரைஃபிளும் ஏறத்தாழ இதே வழியில் வந்ததுதான்.

சாவேஜின் 1899 மாதிரிக்குப் பின்னாளில் 99 என்று பெயர். உறுதிக்கு 88, நுட்பத்துக்கு 99 என்பேன். 88-இன் உற்பத்தி 1973-இல் நின்றது. 99 அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஆனால் 1965-இல் வந்த 99சி-யில் உருளைக்குப் பதில் கழற்றி மாட்டும் பெட்டி. அதில் எண் காட்டும் துளை கிடையாது. எத்தனை மிச்சம் என்று அறியப் பெட்டியைக் கழற்றித்தான் எண்ண வேண்டும்.