நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால்: தெல்லிப்பழை வரையான படிகள்

மூன்று கிழமைக்கு மேல் விடாத இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாமல் நிறை குறைவது. இவை நுரையீரல் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். இப்படி ஏதும் இருந்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய்க்கும் இதே அறிகுறிகள்தான் என்பதால் சளியையும் சோதிப்பார்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் "அப்பாடா" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. எக்ஸ்ரேயில் தெரிந்த நிழல் என்னவென்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது சி.டி. ஸ்கான். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, பரவியிருக்கிறதா என்பதை அது காட்டும். புற்றுநோய்தான் என்று உறுதி சொல்வது பயொப்சி. மூச்சுக்குழாய்க்குள் கமரா விட்டோ, விலா இடுக்கால் ஊசி செலுத்தியோ சிறு துண்டு எடுப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், வார்பரின் போன்றவை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும்; தாங்களாக நிறுத்தவும் கூடாது.

"ஊசி குத்தினால் பரவிவிடும்" என்று சொந்தக்காரர் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அப்படி நடப்பது மிக அரிது. துண்டைப் பார்க்காமல் மருந்தைத் தெரிவு செய்யவும் முடியாது. நுணுக்குக்காட்டியில் கலங்கள் சிறிதாகத் தெரியும் சிறுகல வகை என்றால் பெரும்பாலும் கீமோவும் கதிர்ச் சிகிச்சையும்தான். மற்ற வகையில், ஆரம்ப நிலை என்றால் சத்திரசிகிச்சை. அதற்கு முன் மூச்சுத் திறனை அளப்பார்கள். பரவியிருந்தால் அதே துண்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அது இருந்தால் குளிசை மருந்தே கைகொடுக்கும். முடிவு வரச் சில கிழமைகள் பிடிப்பது இதனால்தான். நாள் கடந்தும் வராவிட்டால் கிளினிக்கில் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

சரி, முடிவு வந்ததும் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கென்றே வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் எழுந்தது அது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வெளியில் காசு கட்டிச் செய்யச் சொன்னால், கட்டுவதற்கு முன்பே பிரதேச செயலகத்தில், மருத்துவச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியம் பற்றி விசாரியுங்கள். 2025 பெப்ரவரியிலிருந்து அங்கேயே விண்ணப்பிக்கலாம், இதற்காகக் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. வருமானம் குறைந்தவர்கள் கிராம சேவையாளர் மூலம் சமூக சேவைப் பிரிவின் நோய் உதவிப் பணத்தையும் கேட்கலாம்.

எல்லா அறிக்கைக்கும் போட்டோ பிரதி எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள். மகரகமையிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் பயொப்சி அறிக்கையோடு, எடுத்த துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்கக்கூடும். அவற்றை ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.