எத்தனை கேமரா என்று கேளுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) நேரலைகளில் ரீப்ளே போடுவது என் வேலை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் போதும், இரண்டு அணி ரசிகர்களும் திட்டுவார்கள். இரு தரப்பும் சொல்வது ஒன்றுதான்: "வர்ணனையாளர் எதிரணி ஆள்."

இந்தக் குறை ரொம்பப் பழையது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரி அணிகள் மோதிய ஆட்டம் முரட்டுத்தனமாகப் போனது. பிரின்ஸ்டன் நட்சத்திரம் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்த தவறுகள், டார்ட்மத் மாணவர்கள் குறித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இருவரும் பார்த்தது ஒரே படம்.

அதனால், வர்ணனையாளரின் குரலை வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்பேன். அதற்காகத் தொலைக்காட்சியில் சாய்வே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, நீங்கள் தேடாத இடத்தில்.

எல்லைக்கோட்டோரம் ஒரு வீரர் பந்தைக் கேட்ச் பிடிக்கிறார் என்று வையுங்கள். கல்லூரி விதிப்படி அவரது ஒரு கால் கோட்டுக்கு உள்ளே பட்டால் போதும். பெரிய ஆட்டமென்றால் எதிர்ப்பக்கக் கேமரா, கோல் கோட்டுக் கேமரா, மெதுவாக ஓட்டிக் காட்டும் கேமரா என்று பல கோணங்கள் என் திரையில் வந்து நிற்கும். அடுத்த நகர்வை அணி தொடங்குவதற்கான 40 விநாடி கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷூ நுனி புல்லில் படுவதைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடலாம். சின்ன அணிகளின் ஆட்டத்தில் கேமராக்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தடுப்பாட்டக்காரரின் முதுகு மறைத்தால் மறைத்ததுதான். மறுபரிசீலனை நடுவரும் பெரும்பாலும் ஒளிபரப்புப் படங்களைத்தான் பார்க்கிறார். தெளிவான ஆதாரம் இல்லையென்றால் களத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கும். யாரும் ஓரவஞ்சனை செய்யாமலே அநியாயம் நடந்துவிடுகிறது.

அப்புறம் பணம். கல்லூரி அணிகள் எஸ்ஈசி, பிக் டென், ஏசிசி என்று கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. எஸ்ஈசி அணிகளுக்கென்று 2014-இல் தொடங்கிய சேனல், விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான ஈஎஸ்பிஎன்னுடையது. பிக் டென் சேனலில் பெரும்பங்கு இன்னொரு தொலைக்காட்சி நிறுவனமான ஃபாக்ஸிடம். ஆட்டத்தைக் காட்டும் உரிமைக்குக் கோடி கோடியாகக் கொட்டிய அதே நிறுவனம், யார் சிறந்த அணி என்று வாரம் முழுக்க விவாதமும் நடத்துகிறது. எந்த அணியைப் பற்றி எத்தனை மணி நேரம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்; ஒரு வர்ணனையாளரின் ஒற்றை வரியைவிட அது பல மடங்கு கனமானது.

ஆனால் எல்லாவற்றையும் பணத்தின் தலையில் கட்டவும் முடியாது. 2023-இல் 13 ஆட்டமும் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டுவிட்டு, ஒரு தோல்வி கண்ட எஸ்ஈசி அணியான அலபாமாவை, சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபுக்கு நாலாவது அணியாக எடுத்தார்கள். "ஈஎஸ்பிஎன் சதி" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். தேர்ந்தெடுத்தது தனிக்குழு. ஃப்ளோரிடா ஸ்டேட் ஆடிய ஏசிசியின் உரிமையும் ஈஎஸ்பிஎன்னிடம்தான் இருந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயத்தால் வெளியேறியதைக் குழு கணக்கில் எடுத்தது. அந்தக் கணக்கு எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை. வென்ற ஆட்டங்களுக்கு மதிப்பு இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோபம் போக வேண்டிய இடம் தேர்வுக்குழுதான்.

கோபத்தில் கொஞ்சத்தை உங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த உரிமை ஒப்பந்தத்தில், எந்த அணி ஆடினாலும் இரண்டு எல்லைக்கோட்டுக்கும் இரண்டு கோல் கோட்டுக்கும் கேமரா கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.